பழைய திங்க்பேட் டி480: தோட்டப்புற டவுனுக்கு ஏற்ற மடிக்கணினியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் மடிக்கணினி வாங்குகிறவர்கள் அதன் வேகத்தைப் பார்ப்பதற்கு முன், கெட்டுப்போனால் யார் திறப்பார்கள் என்று பார்ப்பது நல்லது. கைப்பேசித் திரை மாற்ற டவுனிலேயே ஆள் இருக்கும். மடிக்கணினி என்றால் ஈப்போவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், வாங்கி வர மறுபடியும் போக வேண்டும். லெனோவோவின் திங்க்பேட் டி480 இந்த இடத்தில்தான் கை கொடுக்கிறது. 2018இல் வந்த மாடல் என்றாலும் பேட்டரி, ரேம், எஸ்எஸ்டி, விசைப்பலகை என்று பெரும்பாலான பாகங்களை ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு வீட்டிலேயே மாற்றிவிடலாம். உதிரிபாகங்கள் ஷோப்பியிலும் லசாடாவிலும் தனித்தனியாகக் கிடைக்கின்றன.

புதிதாக இது இப்போது வராது. அலுவலகங்கள் கழித்துவிட்டவைதான் விற்பனைக்கு இருக்கின்றன. ரேமும் எஸ்எஸ்டியும் எவ்வளவு என்பதைப் பொறுத்து சுமார் 700 முதல் 1,000 வெள்ளி வரை கேட்கிறார்கள். வீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிப்பாடம், வீட்டிலிருந்தே இணையத்தளம் கட்டுகிற வேலை, இந்த மூன்றுக்கும் தாராளமாகப் போதும். வீடியோ தொகுப்பதும் விளையாட்டும்தான் முக்கியம் என்றால் இதைத் தேடாதீர்கள்.

முதலில் மாடல் எண்ணில் ஏமாறாமல் இருக்க வேண்டும். டி470, டி480 இரண்டும் வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி. படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. டி470இல் இருப்பது 6ஆம் அல்லது 7ஆம் தலைமுறை இன்டெல், இரண்டே கோர். டி480இல் வரும் ஐ5-8250யூ, ஐ5-8350யூ இரண்டுக்கும் நான்கு கோர், எட்டு திரெட். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இன் அதிகாரப்பூர்வப் பட்டியல் இன்டெல்லைப் பொறுத்தவரை, ஓரிரு விதிவிலக்கு தவிர, 8ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. டி470இலும் நிறுவும்போது நடக்கும் பொருத்தச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்றி விற்கிறார்கள். ஓடும். ஆனால் ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய புதுப்பிப்பு தானாக வந்து சேராது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். ஆகவே டாஸ்க் மேனேஜரில் பிராசசர் எண் தெரியும்படி ஒரு படம் கேளுங்கள். ஐ5 என்பதை அடுத்த கோட்டுக்குப் பின் வரும் எண் 8இல் தொடங்க வேண்டும்.

டி480எஸ், டி490 என்றும் சொல்லிப் பார்ப்பார்கள். அவை மெலிந்தவை, அழகானவை. ஆனால் இரண்டிலும் ரேமில் ஒரு பகுதி மதர்போர்டோடு பற்றவைத்தது, கழற்றும் பேட்டரியும் கிடையாது. 14 அங்குல டி வரிசையில் வெளியே கழற்றி மாட்டும் பேட்டரியோடு வந்த கடைசி மாடல் டி480தான். நம் ஊர் மின்வெட்டுக்கு இந்த ஒன்றே பெரிய காரணம்.

பெட்டி வந்து சேர்ந்ததும் ‘பொருள் கிடைத்தது’ என்ற பொத்தானை உடனே அழுத்தாதீர்கள். அழுத்தினால் பணம் விற்றவர் கைக்குப் போய்விடும். அதற்கு முன் சில சோதனைகளை முடித்துவிட வேண்டும். சார்ஜரைச் செருகி இயக்குங்கள். லெனோவோ என்ற எழுத்து தெரியும்போதே எஃப்1 விசையைத் தட்டினால் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புப் பக்கம், திறக்கும். கடவுச்சொல் கேட்டால் அங்கேயே நிறுத்தித் திருப்பி அனுப்புங்கள். திங்க்பேட்டின் சூப்பர்வைசர் கடவுச்சொல் மதர்போர்டில் தனிச் சிப்பில் இருக்கிறது. பழைய மேசைக்கணினிபோல பொத்தான் பேட்டரியைக் கழற்றி வைத்தால் அழியாது. மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவோ சொல்லும் பதில்.

அடுத்தது இன்னும் பொல்லாதது, பலருக்குத் தெரியாதது. பெரிய நிறுவனங்கள் தங்கள் மடிக்கணினிகளை அலுவலகக் கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் சேவையில் பதிந்து வைத்திருக்கும். கழிக்கும்போது பதிவை நீக்க மறந்துவிட்டால், அது அந்த நிறுவனத்தின் பெயரிலேயே கிடக்கும். விற்பவர் இணையம் இல்லாமல் விண்டோஸை நிறுவி அனுப்பினால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். பல மாதம் கழித்து நீங்கள் விண்டோஸை அழித்து மறுபடி நிறுவும்போது, வைஃபையில் சேர்ந்த அடுத்த நிமிடம், ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைப் போட்டு ‘அலுவலக மின்னஞ்சலைக் கொடுங்கள்’ என்று திரை நிற்கும். பதிவு மதர்போர்டின் அடையாளத்தோடு சேர்ந்தது. எஸ்எஸ்டியை மாற்றியும் பயனில்லை. அந்த நிறுவனத்தின் ஐடி பிரிவுதான் நீக்க முடியும், அவர்களைத் தேடிப் பிடிப்பது உங்கள் பாடு.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, வந்த அன்றே விண்டோஸைப் புதிதாக நிறுவுவது. மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலை வேறொரு கணினியில் ஓட்டி, குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் விண்டோஸ் 11ஐ ஏற்றுங்கள். டி480ஐ இயக்கும்போது எஃப்12ஐத் தட்டிப் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து, பழைய பார்ட்டிஷன்களையெல்லாம் அழித்து நிறுவுங்கள். நிறுவும்போது கட்டாயம் வைஃபையில் சேருங்கள். நிறுவனத்தின் பெயர் எதுவும் வராமல், வழக்கமாகக் கணக்கு கேட்கும் பக்கம் வந்தால் பிழைத்தீர்கள். விற்றவர் என்னென்ன ஏற்றி வைத்திருந்தாரோ அதெல்லாமும் இதோடு ஒழிந்துபோகும்.

உரிமத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். விண்டோஸ் புரோவோடு வந்த இயந்திரமென்றால் உரிம எண் பயாஸிலேயே இருக்கும். இணையம் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். பழைய நிறுவலை அழிப்பதற்கு முன் விற்றவர் என்ன செய்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசையிருந்தால், விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர், ஓர் இடைவெளி, சாய்கோடு, எக்ஸ்பிஆர் (slmgr /xpr) என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வந்தால் நல்ல அறிகுறி, ஆனால் அது மட்டுமே உரிமம் நேர்மையானது என்பதற்குச் சான்றாகாது. காலாவதித் தேதி ஒன்று வந்தால் நிறுவன உரிமத்தையோ திருட்டு உரிமத்தையோ போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

பேட்டரி, எஸ்எஸ்டி இரண்டையும் வாய்ச்சொல்லில் நம்பக் கூடாது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தைச் சதவீதத்தில் காட்டும். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் அதிலேயே தெரியும். பேட்டரிக்கு, கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் (powercfg /batteryreport) என்று கொடுத்தால் ஓர் அறிக்கைக் கோப்பு உருவாகும். அதில் இரண்டு பேட்டரி தெரியும். உள்ளே இருப்பது 24 வாட்-மணி. பின்பக்கம் மாட்டுவது 24, 48, 72 என மூன்று அளவில் வரும். ‘டிசைன் கெப்பாசிட்டி’க்கும் ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’க்கும் உள்ள வித்தியாசம்தான் பேட்டரியின் வயது. பாதிக்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட்டரியின் விலையையும் சேர்த்துத்தான் இந்த மடிக்கணினியின் விலை.

இனி டி480க்கே உரிய ஒரு கோளாறு. ஆரம்ப காலத்தில் வந்தவற்றில், யூஎஸ்பி-சி துளையைக் கவனிக்கும் தண்டர்போல்ட் சிப்பின் ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் மென்பொருள், பிழையானது. நாள் போகப் போக யூஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஏறாது, எச்டிஎம்ஐயில் படம் வராது, சில சமயம் இயக்கும்போதே தொங்கிவிடும். லெனோவோ இதை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டிருக்கிறது. பல இயந்திரங்களில் முந்தைய உரிமையாளர் போடாமலே விட்டிருப்பார். விண்டோஸ் நிறுவியதும் லெனோவோவின் இலவசச் செயலிகளான வேண்டேஜ் அல்லது சிஸ்டம் அப்டேட்டைப் போட்டு, சார்ஜர் செருகியபடியே, பயாஸ் புதுப்பிப்பையும் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரையும் முடித்துவிடுங்கள். லினக்ஸுக்குத் தாவ நினைப்பவர்களும் இதை விண்டோஸில் முடித்துவிட்டுத் தாவுவது சுலபம். பிறகு இரண்டு யூஎஸ்பி-சி துளைகளிலும் சார்ஜரை மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். இரண்டிலும் சார்ஜ் ஏற வேண்டும். ஒன்றில் மட்டும் ஏறினால் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். இந்தத் துளைகள் மதர்போர்டில் பற்றவைத்தவை, வீட்டில் சரிசெய்ய முடியாத ஒரே முக்கியமான பாகம் இதுதான். ஒயரில் கால் தட்டினால் அடிபடுவது இந்தத் துளைதான், ஆகவே பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் சார்ஜர் ஒயர் நடைபாதையில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்காலம் இடி இறங்காத நாள் குறைவு. ஒரு மின்னல் வெட்டினால் ஈஎல்சிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் விழுந்து வீடே இருட்டாகும். மேசைக்கணினியில் சேமிக்காத வேலை அதோடு போச்சு. டி480 அசையாது. முதலில் வெளிப்பேட்டரி தீரும், பிறகு உள்பேட்டரி. உள்பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளிப்பேட்டரியைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம், இயந்திரம் நிற்காது. எழுதுவது, உலாவுவது போன்ற வேலைக்கு 8 முதல் 10 வாட் இழுக்கும் என்று வைத்தால், புது 72 வாட்-மணி பேட்டரியும் உள்பேட்டரியும் சேர்ந்து பத்து மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். பழைய பேட்டரியில் அதில் பாதி. 72 வாட்-மணி பேட்டரி கீழே துருத்தி நிற்பதால் இயந்திரம் பின்பக்கம் தூக்கியிருக்கும். மேசையில் வசதி, மடியில் இடைஞ்சல்.

எந்நேரமும் சார்ஜரிலேயே வைத்திருப்பவர்கள் வேண்டேஜில் பேட்டரி வரம்பை இயக்கி, 75 சதவீதத்துக்குக் கீழே போனால் ஏறவும் 80இல் நிற்கவும் வையுங்கள். வெக்கையான ஊரில் நூறு சதவீதத்திலேயே கிடக்கும் பேட்டரி சீக்கிரம் சாகும். லினக்ஸில் இதே வேலையை டிஎல்பி என்ற மென்பொருள் செய்யும். இரண்டு பேட்டரிக்கும் வரம்பைத் தனித்தனியே எழுத வேண்டும்.

மடிக்கணினி உயிரோடிருந்து ரூட்டர் அணைந்துவிட்டால் என்ன பயன்? ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை. அதற்கென்றே சின்ன டிசி யுபிஎஸ் விற்கிறார்கள். வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் மில்லிஆம்பியர் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். 8,800 என்று போட்டிருந்தால் அது 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. பெருக்கினால் 32 வாட்-மணிதான் வரும். இரண்டு பெட்டியும் சேர்ந்து 12 வாட் இழுத்தால், மாற்றத்தில் வீணாவது போக இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். நம் ஊர் மின்வெட்டுக்கு அது போதும். ரூட்டர் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்குக் குறையாததை வாங்குங்கள். முனை 5.5க்கு 2.1 மில்லிமீட்டரா 2.5 மில்லிமீட்டரா என்பதையும் பாருங்கள். 2.1 துளை உள்ள முனை 2.5க்கான ஊசியில் ஏறவே ஏறாது, 2.5 முனை 2.1 ஊசியில் ஏறும், ஆனால் ஆடி ஆடித் தொடர்பு விடும்.

திறந்து பார்க்கிற வேலைக்கு வருவோம். 8 ஜிபி ரேமோடு வந்திருந்தால் இன்னொரு 8 ஜிபி சேர்ப்பதுதான் இதற்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை. டிடிஆர்4 சோடிம் வகை, இரண்டு துளை. ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் பயாஸில் கான்ஃபிக், பவர் என்று போய் ‘டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி’யைக் கொடுங்கள். இயந்திரம் தானே அணையும். இதைச் செய்யாமல் திறந்தால் உள்பேட்டரியின் மின்சாரம் பலகையில் ஓடிக்கொண்டிருக்கும்போது ரேமைப் பிடுங்குகிறீர்கள் என்று அர்த்தம். பிறகு வெளிப்பேட்டரியைக் கழற்றி, கீழே உள்ள ஆறு ஸ்க்ரூவையும் தளர்த்துங்கள். அவை மூடியோடேயே நிற்கும், விழாது. மூடி சுலபத்தில் வராது. பேட்டரி இருந்த விளிம்பிலிருந்து பழைய டச் அண்ட் கோ அட்டை மாதிரி ஒன்றை நுழைத்து ஓரமாக நகர்த்தினால் கிளிப்புகள் டக் டக்கென்று விடும். சத்தத்தைக் கேட்டு உடைந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். கத்தி, திருப்புளி வைத்து நெம்பினால்தான் ஓரம் உடையும்.

திறந்ததோடு விசிறியையும் சுத்தம் செய்துவிடுங்கள். காற்றடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டற்றுச் சுழலவிட்டால் தாங்கி தேயும். ஏழெட்டு வருஷமாக மாற்றாத தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருக்கும், மாற்றினால் சத்தம் குறையும். எஸ்எஸ்டியை மாற்றுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எஸ்எஸ்டியில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. சாட்டா டிரைவுக்கு ஒரு கேபிள், என்விஎம்இக்கு வேறு அடாப்டர். டிரைவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் மாட்ட முடியாது. மூடிய பிறகு பொத்தானை அழுத்தியும் எழவில்லை என்றால் பதற வேண்டாம். சார்ஜரைச் செருகினால்தான் உள்பேட்டரி மறுபடி விழிக்கும்.

இயக்கும்போது 0271 என்ற பிழை எண் வந்தால் தேதி, நேரம் தவறியிருக்கிறது என்று பொருள். பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். ஒயரோடு கூடிய சிஆர்2032 கேட்டு வாங்குங்கள். இதைக் கவனிக்காவிட்டால் வங்கித் தளம் உட்பட எல்லாத் தளமும் ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டும். தேதி தவறினால் சான்றிதழ் செல்லாது, காரணம் அவ்வளவுதான். வைரஸ் என்று சொல்லி காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

திரைதான் இதன் பலவீனம். 1366க்கு 768 திரையோடு வந்ததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ‘ணு’, ‘னூ’ போன்ற எழுத்துகளின் சுழிகள் சின்ன அளவில் கரைந்துபோகும், பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளுக்கும். 1920க்கு 1080 ஐபிஎஸ், அதாவது பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் வெளுக்காத வகை, என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அதுவும் பிரகாசமான திரையல்ல, நிறமும் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும். இணையத்தள வடிவமைப்பில் நிறத்தை முடிவு செய்கிறவர்கள் கைப்பேசியிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த வேலை செய்கிறவர்களுக்கு 16 ஜிபி ரேம் இல்லாமல் முடியாது. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2, சொல்லாமல் விட்டால் மொத்த ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி இயந்திரத்தில் குரோமும் நிரல் எழுதும் விஎஸ் கோடும் அதோடு மல்லுக்கட்டும். ‘டபிள்யூஎஸ்எல் செட்டிங்ஸ்’ என்ற செயலியில் ரேம் வரம்பைக் குறைத்து, டபிள்யூஎஸ்எல்லை முழுக்க நிறுத்தித் திறந்தால்தான் அமலுக்கு வரும். கோப்புகளை சி டிரைவில் வைத்துக்கொண்டு லினக்ஸ் பக்கமிருந்து ஓட்டாதீர்கள். எல்லாம் ஆமை வேகமாகும். கோப்பைச் சேமித்தாலும் உலாவி தானாகப் புதுப்பிக்காது. அந்த எல்லையைத் தாண்டி மாற்ற அறிவிப்பு வராததுதான் காரணம். லினக்ஸின் ஹோம் கோப்புறைக்குள் வைத்தால் இரண்டு தொல்லையும் தீரும்.

கைப்பேசியில் தளத்தைச் சோதிக்க, ஒரே வைஃபையில் ஐபி முகவரியைத் தட்டிப் பார்ப்பவர்கள் அநேகம். டபிள்யூஎஸ்எல்லுக்குள் ஓடும் சர்வர் இயல்பாக வெளியே தெரியாது. ஃபயர்வாலோடு மல்லாடுவதற்குப் பதில், ஆண்ட்ராய்டில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி ஒயரில் மாட்டி, கணினிக் குரோமின் ‘இன்ஸ்பெக்ட்’ பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங்கில் உங்கள் போர்ட் எண்ணைக் கொடுங்கள். கைப்பேசியில் லோக்கல்ஹோஸ்ட் என்றே திறக்கும். ரூட்டர் அணைந்திருந்தாலும் வேலை செய்யும்.

விசைப்பலகையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை; இந்த விலையில் இவ்வளவு நல்லது கிடைக்காது. தமிழ் 99 என்ற தட்டச்சு முறை விண்டோஸிலேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, அதன் விருப்பங்களில் விசைப்பலகையைச் சேர்த்தால் போதும், விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்ந்து மாற்றிக்கொடுக்கும். நம் நாட்டு முத்து நெடுமாறனின் தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சலில் பழகிய கை என்றால் அதையே நிறுவிக்கொள்ளலாம். ஸ்பீக்கர் சுமார், கேமரா 720பி, வகுப்புக்குப் போதும்.

சார்ஜர் 65 வாட்டாக இருக்கட்டும். ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த இயந்திரமென்றால் தட்டையான கம்பி பிளக் இருக்கும். விற்பவர் ஒரு மாற்றுப் பிளக்கைச் சேர்த்து அனுப்புவார். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சிரிம் தர முத்திரையுள்ள 13 ஆம்பியர் மூன்று கம்பி ஒயரை, கிளாவர் இலை வடிவ முனையோடு, ஹார்டுவேர் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். எர்த் இல்லாமல் ஓட்டினால், ஈரக் கையோடு யூஎஸ்பி முனையையோ அதில் மாட்டியிருக்கும் உலோக உறையுள்ள சாதனத்தையோ தொடும்போது சுரீரென்று லேசாகக் கடிக்கும்.